உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள்: திருகோணமலை வீடுகளில் மரத்திலும் இரும்பிலும் பெயின்ட் நிலைக்க

பங்குனி திருகோணமலையில் பெயின்ட் மாதம். சித்திரை வருடப்பிறப்புக்கு முன் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி வைத்திருப்பவர்களுக்கோ உல்லாசப் பயணிகள் வரத் தொடங்குமுன் வேலை முடிந்தாக வேண்டும். இந்த அவசரத்தில் கேற்றும் யன்னலும் கழுவப்படாமல், சுரண்டப்படாமல், பழைய பூச்சின் மேலேயே புதுப்பூச்சை வாங்கிக்கொள்கின்றன. அடுத்த மாரியில் இரண்டும் சேர்ந்து உரிகின்றன. பழி பெயின்ட் கம்பனியின் மேல் விழுகிறது.

பெயின்ட் தானாகக் கெட்டு உரிவது அபூர்வம். அடியில் தண்ணீரோ, உப்போ, கறளோ, எண்ணெய்ப் பிசுக்கோ, பழைய பூச்சின் மாவோ இருந்து பிடியைத் தளர்த்தியிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் எத்தனை தரம் அடித்தாலும் காசுதான் கரையும். இந்த ஊரில் புதிதாக வீடு எடுத்து, சொந்தக் கையால் வேலை செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஊரின் காற்றை முதலில் அறிய வேண்டும்

திருகோணமலை நகரம் ஒடுங்கிய நிலத்தில் அமைந்திருக்கிறது. ஒரு பக்கம் டச்சு குடா, மறு பக்கம் உள்துறைமுகம். எந்தத் தெருவில் நின்றாலும் கடல் தூரமில்லை. கடலுப்பில் சோடியம் குளோரைட்டோடு மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் முதலாவது தானே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். இரண்டாவதற்கு ஏறத்தாழ 33 வீதமே போதும். வறண்ட தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் நடுப்பகலில்கூட இங்கே காற்று அந்த அளவுக்குக் காய்வது அரிது. அதனால் உப்புப் படிந்த இரும்பு மழையில்லாத நாளிலும் ஈரமாகவே இருக்கிறது.

ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்று மழையையும் கடற்சாரலையும் சேர்த்துக்கொண்டு வடகிழக்கிலிருந்து அடிக்கும். வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். வடக்கும் கிழக்கும் பார்த்த யன்னல்களில்தான் கொப்புளமும் கறளும் கூடுதலாக இருக்கும். மேற்கும் தெற்கும் பார்த்தவற்றில் வெயில் தின்ற வெளிறலும் வெடிப்பும் இருக்கும். ஒரே வீட்டில், ஒரே வாளிப் பெயின்டில் இரண்டு நோய்கள். மருந்தும் இரண்டுதான்.

உரிந்த துண்டு சொல்லும் செய்தி

தூரிகை வாங்குமுன் ஒரு கூரிய கத்தி எடுத்துக்கொள்ளுங்கள். உரிந்து தொங்கும் இடத்தில் விரல்நகம் அளவு துண்டு ஒன்றைப் பெயர்த்து, அதைத் திருப்பி, வெயில் வெளிச்சத்தில் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியுமென்றால் இதையே வைத்திருங்கள்.

பின்பக்கத்தில் சாம்பல் நிறமான மெல்லிய நார்கள் ஒட்டியிருந்தால் பெயின்டின் பிடியில் குறையில்லை, மரத்தின் மேற்தோல்தான் கழன்றிருக்கிறது. பூச்சு அடிக்குமுன்பே பலகை வாரக்கணக்கில் வெயிலில் கிடந்து நரைத்திருக்கும். அந்த நரைத்த படையைத் தேய்த்து, கீழேயுள்ள நல்ல மரத்தின் நிறம் தெரியும்வரை போக வேண்டும்.

நார் எதுவும் இல்லாமல் துண்டு சுத்தமாகக் கழன்று, அடியில் மரம் கறுத்துக் குளிர்ந்திருந்தால் ஈரம் உள்ளேயிருந்து வெளியே தள்ளியிருக்கிறது. விரலில் சுண்ணாம்புபோல் மாவு ஒட்டினால் பழைய பூச்சு வெயிலில் மாவாகிப்போன பிறகு, அதைக் கழுவாமல் மேலே அடித்திருக்கிறார்கள். பின்பக்கம் வழுவழுப்பாகவும் அடியில் பழைய எனாமல் மினுமினுப்பாகவும் இருந்தால் பழைய மினுக்கத்தைத் தேய்த்து மங்கவைக்காததே காரணம். இரும்பில் செம்மண்நிறப் பொருக்கு ஒட்டியிருந்தால் கறள். நாகம் (சிங்க்) பூசிய கல்வனைஸ் குழாயில் பூச்சு தாள்போல முழுதாகக் கழன்று, அடியில் உலோகம் கறளில்லாமல் வெள்ளியாகத் தெரிந்தால் அது தனிக்கதை, கீழே சொல்கிறேன்.

இன்னும் உரியாத இடத்தை நம்பலாமா என்று அறியவும் வழி இருக்கிறது. பூச்சின் மேல் கத்தியால் பெருக்கல் குறிபோல் அடிவரை கீறி, அதன்மேல் நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே இழுவையில் பிடுங்குங்கள். கீறலின் ஓரத்தில் மட்டும் சிறு பொடி வந்தால் அந்தப் பூச்சு இருக்கட்டும். டேப்போடு துண்டு துண்டாக வந்தால் முழுவதையும் எடுத்தாக வேண்டும். அதன்மேல் எவ்வளவு விலையான பெயின்ட் அடித்தாலும் அடிப்படை அந்தத் தளர்ந்த பூச்சுத்தான்.

பழைய பூச்சு எண்ணெய்ப் பெயின்டா, தண்ணீரில் கரைக்கும் வகையா என்று தெரியாவிட்டால் பஞ்சில் மெதிலேற்றட் ஸ்பிரிட் தோய்த்து ஒரு மூலையில் அழுத்தித் தேயுங்கள். தண்ணீர் வகை இளகிப் பஞ்சில் நிறம் விடும். எண்ணெய் வகை அசையாது.

மரம்: தண்ணீர் எங்கிருந்து ஏறுகிறது?

கதவில் கொப்புளம் கண்டால் ஒன்றைக் கத்தியால் கிழித்துப் பாருங்கள். உள்ளே வெறும் மரம் தெரிந்தால் ஈரம் மரத்துக்குள் இருந்து வந்தது. உள்ளே பழைய பூச்சே தெரிந்தால், கொதிக்கும் வெயிலில் அடித்ததால் மேற்தோல் முதலில் காய்ந்து, அடியில் தின்னர் ஆவி சிக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதற்கு வைத்தியம் எளிது. தேய்த்துச் சமப்படுத்தி நிழல் நேரத்தில் மறுபடி அடித்தால் போதும்.

முதலாவதுக்குத் தண்ணீரின் வாசலைத் தேட வேண்டும். குளியலறைக் கதவிலும் பின்வாசல் கதவிலும் அந்த வாசல் அநேகமாகக் கதவின் அடிவிளிம்புதான். கதவின் முகத்துக்கு மூன்று பூச்சு அடிக்கும் பெயின்டர் அடிவிளிம்பைத் தொடுவதில்லை, ஏனென்றால் அதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு சிறு முகக்கண்ணாடியைத் தரையில் வைத்துக் கதவின் கீழே தள்ளிப் பாருங்கள். பூச்சில்லாத வெறும் மரம் தெரியும். நிமிர்ந்து நிற்கும் சட்டங்களின் நார் முனைகள் அங்கே திறந்து கிடக்கின்றன. தரை கழுவும் ஒவ்வொரு முறையும் மரம் அந்த முனைகளால் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. வெயில் பட்டதும் அந்த ஈரம் வெளியேற வழி தேடி முகப்பூச்சைத் தள்ளுகிறது. அடியிலிருந்து ஒரு சாண் உயரம் வரை மட்டும் பெயின்ட் பொருமி நிற்கும் கதவுகளை இந்த ஊரில் எத்தனையோ பார்க்கலாம்.

வேலை செய்யும் முறை இது. பங்குனியில், மழை விட்டுச் சில வாரம் ஆன பிறகு, இருவராகச் சேர்ந்து கதவைப் பிணைச்சல்களிலிருந்து கழற்றுங்கள். காற்றோட்டமான நிழலில் பக்கவாட்டில் நிறுத்தி ஒரு வாரமாவது விடுங்கள். தளர்ந்த பூச்சைச் சுரண்டி, 80 ஆம் இலக்கச் சாண்ட்பேப்பரில் தொடங்கி 120 இல் முடியுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, மாலையில் ஒரு சாண் பொலித்தீன் துண்டை வெறும் மரத்தின் மேல் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிட்டு, காலையில் பாருங்கள். உள்ளே முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். காய்ந்திருந்தால் முதலில் அடிவிளிம்புக்கும் மேல்விளிம்புக்கும் மரப் பிரைமர் (அடிப்பூச்சு) இரண்டு மூன்று தடவை ஊறக் கொடுங்கள். முகத்துக்கு அதற்குப் பிறகுதான் வர வேண்டும். வெடிப்புகளுக்குப் புட்டி, பிறகு 180 இல் தேய்ப்பு, அண்டர்கோட் (இடைப்பூச்சு) ஒன்று, எனாமல் இரண்டு. கதவை மாட்டும்போது அடிவிளிம்புக்கும் தரைக்கும் இடையே குறைந்தது 5 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கட்டும்.

மரத்தின் இனமும் கணக்கில் வரும். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. பிரைமர் அடிக்குமுன் தின்னர் தோய்த்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் உடனே அடிக்க வேண்டும். முதிரை இறுகிய மரம், பெயின்ட் இறங்க இடம் கொடுக்காது. அதை இழைத்த வழுவழுப்போடு விடாமல் சாண்ட்பேப்பரால் கீறல் கொடுத்து, முதற்பிரைமரைச் சற்று இளக்கி அடியுங்கள்.

வெள்ளை அடித்த கதவுநிலையில் தேயிலைச்சாயம்போல் கறை ஊறி வந்தால் அது மரத்தின் துவர்ப்புச் சாறு. தண்ணீர்ப் பெயின்டை எத்தனை தரம் அடித்தாலும் மேலே வரும். அரக்கு வார்னிஷோ கறை தடுக்கும் எண்ணெய்ப் பிரைமரோ கொடுத்து அடைத்தால்தான் நிற்கும். கறுப்புப் புள்ளிகள் பூஞ்சணமா அழுக்கா என்று தெரிய ஒரு துளி பிளீச் விட்டுப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சணம். ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நல்ல தண்ணீரால் அலசிக் காயவிடுங்கள். பிளீச்சோடு அமோனியாவோ கழிவறை கழுவும் அசிட்டோ ஒருபோதும் சேரக்கூடாது, எழும் வாயு நச்சு.

முதலைத் தோல்போல் கட்டம் கட்டமாக வெடித்த பழைய யன்னல்களுக்குக் குறுக்குவழி இல்லை. பல வருடப் பூச்சுகள் தடித்து இறுகி, மரத்தோடு சேர்ந்து விரிந்து சுருங்கும் தன்மையை இழந்துவிட்டன. முழுவதும் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இரும்பு: கழுவு, சுரண்டு, மறுபடி கழுவு

சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் பல காட்டுக்குள் கறளேறி நிற்கின்றன. கனத்த தகடு என்பதால் அவை தாக்குப்பிடித்தன. நம் வீட்டுக் கேற்றின் பெட்டிக் கம்பி, அதாவது உள்ளே வெறுமையான சதுரக் குழாய், ஒரு மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டிய தடிப்புத்தான். அது தாங்கும் காலத்தைப் பெயின்ட்தான் தீர்மானிக்கிறது.

கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பூச்சில் ஊசிமுனை அளவு துளை இருந்தால் போதும், அதனடியில் கறள் பொருமிச் சுற்றியுள்ள பூச்சைத் தூக்கிவிடும். எனவே தெரியும் கறள்பொட்டைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாகச் சுரண்டிப் பாருங்கள். அநேகமாக அங்கேயும் இருக்கும்.

எல்லோரும் தவறவிடுவது உப்பைத்தான். கம்பித் தூரிகையால் தேய்த்தால் கறள் போகும், குழிகளுக்குள் இருக்கும் உப்புப் போகாது. இன்னும் சொன்னால், தேய்ப்பு அதை நன்றாகப் பரப்பி உள்ளே அழுத்திவிடும். ஆகவே முதல் வேலை கழுவுவது. சவர்க்காரத் தண்ணீரும் தும்புத் தூரிகையும் எடுத்து மேலிருந்து கீழாகத் தேய்த்து, நிறைய நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். கரையோரக் கிணறுகள் பல உவர். அந்தத் தண்ணீரில் கழுவினால் உப்பைப் போக்க உப்பையே ஊற்றியதாகும். குழாய்த் தண்ணீர் பாவியுங்கள்.

பிறகு சுரண்டி, கம்பித் தூரிகை, 80 ஆம் இலக்கச் சாண்ட்பேப்பர் என்ற வரிசையில் கறளை எடுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். இந்த இரண்டாவது கழுவலுக்குப் பலர் பயப்படுகிறார்கள், இரும்பு மறுபடி கறள் பிடிக்குமே என்று. வெயில் ஏறும் நேரத்தில் கழுவி உடனே துடைத்தால் பிடிப்பது மெல்லிய பழுப்புப் படலம் மட்டும். அதை லேசாகத் தேய்த்து எடுத்துவிடலாம். உப்பு விட்டதா என்று இரும்பே காட்டும். சிறிய ஒரு இடத்தைப் பளபளப்பாகத் தேய்த்து இரவு முழுவதும் விட்டால், உப்புத் தங்கிய குழிகள் காலையில் கரும்பழுப்புப் புள்ளிகளாக எழுந்திருக்கும். அந்த இடங்களை இன்னொருமுறை கழுவுங்கள்.

ஆனால் இறுதியாகத் தேய்த்து முடித்த இரும்பை இரவில் வெறுமையாக விடாதீர்கள். இங்கே கடற்காற்று ஓர் இரவு பட்டால் அன்றைய உழைப்பு வீண். ஒரு நாளில் பிரைமர் அடித்து முடிக்கக்கூடிய அளவையே அன்று தேயுங்கள். கேற் பெரிதென்றால் பாதி இன்று, பாதி நாளை.

பிரைமர் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ரெட் ஒக்சைட் பிரைமரின் சிவப்பு கறளைத் தடுக்கும் மருந்து அல்ல, அது வெறும் நிறமி. பெயர்ச்சீட்டில் சிங்க் பொஸ்பேட் என்றிருக்கும் கறள் எதிர்ப்புப் பிரைமரைக் கேளுங்கள். கடலைப் பார்த்த வீடென்றால் இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் எபொக்சி பிரைமர் இன்னும் நல்லது. கலந்த பின் சில மணித்தியாலத்தில் இறுகிவிடும் என்பதால் தேவையான அளவை மட்டும் கலக்க வேண்டும். எபொக்சி வெயிலில் மாவாகும், மேலே வேறு பூச்சுக் கட்டாயம்.

முதலில் சிறு தூரிகையால் விளிம்புகள், வெல்டிங் தையல்கள், திருகாணித் தலைகள், மூலைகள் ஆகியவற்றுக்கு மட்டும் பிரைமர் கொடுங்கள். கூரான விளிம்பில் ஈரப் பெயின்ட் தானாகப் பின்வாங்கி மெலியும். கறள் எப்போதும் விளிம்பில் தொடங்குவதற்குக் காரணம் அதுதான். அதன்பிறகு முழுவதுக்கும் ஒரு பூச்சு, மறுநாள் இன்னொன்று, பின்னர் எனாமல் இரண்டு.

பட்டறையிலிருந்து வரும் புதுக் கேற்றையும் நம்பக்கூடாது. புது இரும்பின் மேல் நீலச்சாம்பல் நிறத்தில், ஆலையில் சூட்டோடு உருட்டும்போது படிந்த ஆலைத் தோல் ஒன்று இருக்கும், அதன்மேல் எண்ணெயும் இருக்கும். வெல்டிங் பொறிகள் உருண்டைகளாக ஒட்டியிருக்கும். இவற்றின் மேல் அவசரமாகச் சிவப்பு அடித்துத் தந்துவிடுவார்கள். வீட்டுக்காரர் கைக்குக் காசு வரட்டும் என்று அந்தச் சிவப்போடு மாதக்கணக்கில் விடுவார். பிரைமர் நுண்துளை உள்ள பூச்சு, தண்ணீரை உள்ளே விடும். அப்படி மாரியைக் கண்ட பிரைமரின் மேல் எனாமல் அடிப்பது கறளுக்கு மூடி போடுவதுதான். அதை எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.

பெட்டிக் கம்பியின் அடிச்சட்டம் உள்ளிருந்து கறள் பிடித்து ஓட்டை விழுந்தால் வெளிப்பூச்சால் பயனில்லை. சட்டத்தின் கீழ்முகத்தில் 6 மில்லிமீற்றர் துளை இரண்டு போட்டுத் தண்ணீர் வடிய விடுங்கள். அரித்த பகுதியை வெட்டி மாற்றச் சொல்லுங்கள்.

நாகம் பூசிய குழாயும் தகரமும்

கல்வனைஸ் குழாயில் செய்த கிராதிக்குச் சாதாரண எனாமல் அடித்தால் முதல் சில மாதம் மிக அழகாக இருக்கும். பிறகு வாழைப்பட்டைபோல் நீள நீளமாக உரியும். எனாமலில் உள்ள எண்ணெய் அமிலங்கள் நாகத்தோடு சேர்ந்து, பூச்சுக்கும் உலோகத்துக்கும் நடுவே சவர்க்காரம் போன்ற ஒரு படலத்தை உண்டாக்குகின்றன. ஈரம் பட்டதும் அது வழுக்கிவிடுகிறது. எவ்வளவு சுத்தம் செய்தாலும் இந்த இரசாயனம் நிற்காது. உரிந்ததை முழுவதும் எடுத்து, சவர்க்காரத்தால் கழுவி, நாகப்படையைத் தின்றுவிடாதபடி நுண்ணிய சாண்ட்பேப்பரால் மெதுவாக மங்கவைத்து, கல்வனைஸ் உலோகத்துக்கென்று எழுதியிருக்கும் பிரைமரை அடியுங்கள். அதன்மேல் எனாமல் பிரச்சினையில்லை. வெல்டிங் செய்த மூட்டுகளில் நாகம் எரிந்து போயிருக்கும், அங்கே மட்டும் கறள் பிரைமர்.

நேரமும் தின்னரும்

மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை வெளிவேலைக்கு நல்ல காலம். கச்சான் நாட்களில் காலை பத்து மணிக்குமேல் தூரிகை இழுபடும், ஈரப் பூச்சில் புழுதி ஒட்டும். அப்போது அதிகாலைப் பனி காய்ந்தவுடன் தொடங்கி, வெயில் ஏறுமுன் நிறுத்துங்கள். கைவைத்தால் சுடும் இரும்பில் அடிக்காதீர்கள். மாலையில், பொழுது சாய இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பே நிறுத்த வேண்டும். இரவுப் பனி பட்டால் எனாமலின் மினுக்கம் மங்கிவிடும். ஐப்பசியில் எந்த அவசரமென்றாலும் வெளியே தொடாதீர்கள்.

காயாமல் பிசுபிசுக்கும் பூச்சைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மண்ணெண்ணெய் கலந்தால் அப்படி ஆகும். அது மெதுவாக ஆவியாகி எண்ணெய்ப்பசையை விட்டுச்செல்லும். எனாமலுக்குரிய தின்னரை, பத்துக்கு ஒரு பங்குக்கு மேற்படாமல் கலவுங்கள். பிசுபிசுப்பு ஒரு வாரத்தில் மாறாவிட்டால் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. சுருக்கம் விழுந்த பூச்சு ஒரேயடியாகத் தடிப்பாக அடித்ததன் விளைவு. நன்றாக இறுகிய பின் தேய்த்து, மெல்லிய இரண்டு பூச்சு கொடுங்கள்.

உடம்பையும் பார்க்க வேண்டும்

இலங்கையில் பெயின்டில் ஈயத்தின் அளவுக்குக் கட்டாய வரம்பு 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய கதவு, யன்னல், கிராதிகளின் பூச்சில் ஈயம் இருக்கலாம் என்றே எண்ணி நடங்கள். உலர்ந்தபடியே தேய்க்காமல் தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேயுங்கள், சுரண்டிய துண்டுகளைப் பழந்துணி விரித்துச் சேருங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். பழைய மஞ்சள் நிறக் குரோமேற் பிரைமரின் தூசியும் ஆபத்தானது. முகமூடி போடாமல் தொட வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கி மூலையில் எறிந்தால் தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அவற்றை வெளியே விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

வேலை முடிந்தபின் மிஞ்சிய பெயின்டைச் சிறு போத்தலில் நிரம்ப ஊற்றி, இறுக மூடி, நிறத்தின் இலக்கத்தையும் திகதியையும் எழுதி நிழலில் வையுங்கள். வருடந்தோறும் மாரி முடிந்ததும் கேற்றையும் கிராதியையும் குழாய்த் தண்ணீரால் கழுவி, விளிம்புகளிலும் மூட்டுகளிலும் அடிச்சட்டத்திலும் புதுக் கறள்பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சதம் நாணயம் அளவில் கண்டால் அன்றே சுரண்டிக் கழுவிப் பிரைமர் தொட்டு, மறுநாள் அந்தப் போத்தலைத் திறந்து இரண்டு பூச்சு கொடுத்தால் போதும். முழுக் கேற்றையும் தேய்க்கும் வேலை பல வருடம் தள்ளிப்போகும்.